ஒரு வாரத்துக்கு அருவி கூடாது

எங்கள் தொழிலில் ஊசி குத்துவது டாக்டர். குத்திய பிறகு 'கூடாது, கூடாது' என்று சொல்வது நான்.

தென்காசியில் ஒரு தோல் மருத்துவரின் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். மைக்ரோ நீட்லிங் என்று போர்டில் எழுதியிருக்கும். பருத் தழும்பு உள்ள முகத்தில், பேனா மாதிரி ஒரு கருவியால் நுண்ணிய ஊசிகளைக் குத்துவார்கள். அந்தக் காயத்தை ஆற்றுகிற சாக்கில் தோல் தன்னைப் புதிதாக்கிக்கொள்ளும். முன்னால் மரத்துப்போகும் களிம்பைத் தடவுவதும், பின்னால் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவதும் என் பங்கு. முகத்தில் ஊசி வாங்கிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர்களுக்கு நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது.

வேறு ஊர்களில் இது சுலபமான வேலையாக இருக்கலாம். இங்கே ஆனி பிறந்தால் சாரல். அருவியில் தண்ணீர் விழுகிற சேதி, குற்றாலத்திலிருந்து வரும் டவுன் பஸ்ஸின் ஜன்னல்களில் ஈரத் துண்டுகளாகத் தொங்கிக்கொண்டு வரும். அந்த நேரத்தில் ஒருவரிடம் 'ஒரு வாரத்துக்கு அருவி கூடாது' என்று சொல்லிப் பாருங்கள். ஊசிக்குச் சுளிக்காத முகம் அதற்குச் சுளிக்கும்.

எனக்கும் அந்த ஊசி தேவைப்பட்டது. என் கணவர் ராணுவத்தில், வடக்கே பனி விழுகிற இடத்தில் இருக்கிறார். டவர் கிடைக்கிற நேரத்தில் வீடியோவில் கூப்பிடுவார். போன முறை அவர் வந்துபோன பிறகு நான் வாங்கிய போனில், முகத்தை மெழுகிக் காட்டுகிற ஒரு வசதி முதலிலிருந்தே போடப்பட்டிருந்தது. நான் அணைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேலாக அவர் பார்த்துக்கொண்டிருப்பது என் தழும்புகள் இல்லாத என்னை. சாரல் சமயத்தில் லீவு கேட்டிருந்தார். அவர் வருவதற்குள் என் முகம் போனில் இருக்கும் முகத்துக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் போய்ச் சேர வேண்டும்.

எலுமிச்சை

புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவரின் மகன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதல் நாள் ஆறவைத்த வெந்நீர் மட்டும், சோப்பு கூடாது, நாங்கள் கொடுத்த கிரீம் தவிர வேறெதுவும் முகத்துக்கு வரக் கூடாது என்று சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நிறையத் தலையாட்டுகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு.

மறுநாள் காலையிலேயே போன். பின்னால் லாரிக்குச் சரக்கு ஏற்றுகிற சத்தம். "எக்கா, மூஞ்சி தீயா எரியுது."

"என்ன போட்டீங்க தம்பி?"

"ஒண்ணும் போடலக்கா."

"ஒண்ணும்னா?"

"எலுமிச்சம்பழம், ரெண்டே சொட்டு. செவப்பு சீக்கிரம் கொறஞ்சிரும்னு அம்மா சொன்னா."

தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றச் சொன்னேன். உடனே வரவும் சொன்னேன். டாக்டர் பார்த்தார், பயப்பட ஒன்றுமில்லை. வெளியே போகிறவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று நியாயம் கேட்டார்: "லாரி லாரியா ஊருக்கெல்லாம் அனுப்புதோம், நம்ம மூஞ்சிக்கு ஒண்ணு ஆகாதுன்னா இது என்ன யாவாரம்க்கா?"

விசில்

இவர் பெண் போலீஸ். சீசன் முழுக்க மெயின் அருவியில், பெண்கள் குளிக்கிற பக்கம் டூட்டி. விசில் ஊதி ஒரு கூட்டத்தை வெளியேற்றி அடுத்த கூட்டத்தை உள்ளே விட வேண்டும். கிடைத்த ஒரு நாள் ஓய்வில் வந்து ஊசி வாங்கிக்கொண்டார். வெயில் கூடாது, வேர்க்கக் கூடாது, அருவி கூடாது என்றேன். "நான் எங்க குளிக்க? குளிக்கவள கரையேத்துததுக்கே பொழுது சரியா இருக்கு" என்று சிரித்தார்.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டார். குளிக்கவில்லையாம். ஆனால் காலையிலிருந்து காற்று அருவியை அப்படியே தூக்கி அவர் முகத்தில் எறிந்துகொண்டிருக்கிறதாம். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள், முடிந்தால் தள்ளி நில்லுங்கள் என்றேன். தள்ளி நின்றால் மெமோ வரும் என்றார். நடுவில் யாரையோ "ஏட்டி, அங்கன ஏறாத" என்று அதட்டிவிட்டு, என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆளுன்னா ஊதி நிப்பாட்டிருவேன் சிஸ்டர், சாரல எத ஊதி நிப்பாட்ட?"

தலையணை உறை

பண்பொழியிலிருந்து வந்த பெண், கணவர் துபாயில். அதிகம் பேசாதவர். நான் எல்லோரிடமும் சொல்கிற வரிசையில் சொல்லிக்கொண்டே வந்தேன். கையால் தொடக் கூடாது. உரிகிற தோலைப் பிய்க்கக் கூடாது. வீட்டுக்குப் போனதும் தலையணை உறையை மாற்றிவிட வேண்டும். பழைய உறையின் எண்ணெயும் அழுக்கும் குத்திய தோலுக்கு ஆகாது. அதுவரை ஒவ்வொன்றுக்கும் சரி என்றவர், உறை என்றதும் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"மாத்து உறை இல்லையா?" என்றேன்.

"கெடக்கு." துப்பட்டா நுனியைச் சுருட்டினார். "இப்ப போட்டிருக்கது அவுக போகையில படுத்திருந்தது. அவுக தேய்க்கிற எண்ணெ வாடை இன்னும் இருக்கு."

துவைக்க வேண்டாம், அதன் மேலேயே ஒரு புது உறையைப் போட்டுக்கொள்ளலாம் என்று வழி சொன்னேன். என் புத்திசாலித்தனம் எனக்கே பிடித்திருந்தது. அவர் யோசித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மேல ஒண்ணு போட்டா வாடை வராதுல்லா சிஸ்டர்?"

உப்பு

என் வீட்டில் உறைகளை நான் எப்போதோ துவைத்துவிட்டிருந்தேன். துவைக்கும்போது முகர்ந்து பார்க்கத் தோன்றியிருக்கவில்லை.

லீவு கிடைத்துவிட்டது என்று என் கணவர் தேதி சொன்ன அன்றே டாக்டரிடம் கேட்டேன். அவர் வருவதற்குள் தோல் ஆறிவிட நாள் இருந்தது. வேலை பார்க்கிறவர்களுக்கு டாக்டர் மறுக்க மாட்டார். குத்தி முடித்துக் கண்ணாடியைப் பார்த்தால் வெயிலில் வெந்த முகம். வரவேற்பு மேஜையில் இருக்கும் செல்வி, என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுப் பாடமானதையெல்லாம் எனக்கே ஒப்பித்தாள். "ஒரு வாரத்துக்கு அருவி கூடாது" என்று வரும்போது என் குரலையே போட்டுக் காட்டினாள்.

கிளம்புவதற்குள் அவர் கூப்பிட்டார். நான் கேமராவைத் திறக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். அவரும் திறக்கவில்லை. யூனிட்டில் எல்லோருடைய லீவையும் நிறுத்திவிட்டார்களாம். இனி எப்போது என்று தெரியாது. "இந்த வருசம் தண்ணி நல்லா விழுதா?" என்று மட்டும் கேட்டார். விழுகிறது என்றேன். லைன் போய்விட்டது.

செல்வி ஒரு டிஷ்யூவை எடுத்து என் கையில் கொடுத்தாள். உடனே, தேய்த்துவிடுவேன் என்று பயந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டாள். பிறகு நிஜமான கவலையோடு சொன்னாள்: "அழாதீங்கக்கா, கண்ணீர் உப்புல்லா, மொத நாள் பட்டா எரியும்னு நீங்கதான சொல்லுவீங்க?"

தண்ணி

எரிந்தது. பிறகு சிவப்பு அடங்கியது, தோல் மாவு மாதிரி உதிர்ந்தது, அடியில் கொஞ்சம் புதுத் தோல் வந்தது. ஒரே முறையில் பள்ளமெல்லாம் தூர்ந்துவிடாது. ஆனாலும் கன்னத்தில் விரல் வைத்தால் வித்தியாசம் தெரிந்தது. விரல் வைத்துப் பார்த்தது நான் மட்டும்.

வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை மாற்றுத்துணியோடு குற்றாலத்துக்கு பஸ் ஏறினேன். மலையில் ராத்திரி பெய்த மழையில் மெயின் அருவி பாறை தெரியாமல் செம்மண் நிறத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. குளிக்கத் தடை. கயிறு கட்டி ஆட்களைத் தூரத்தில் நிறுத்தியிருந்தார்கள். கயிற்றுக்குப் பக்கத்தில் அதே பெண் போலீஸ், முகம் நன்றாகத் தெளிந்திருந்தது. "வாங்க சிஸ்டர், இன்னைக்கு நான் சொல்லுதேன்: கூடாது" என்றார்.

அப்போதுதான் போன் அடித்தது, வீடியோ. எடுப்பதற்கு முன்னால் அந்த மெழுகும் வசதியைத் தேடி அணைத்தேன். இனி இதுதான் என் முகம், பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. திரையில் கம்பளித் தொப்பியும் வெடித்த உதடுமாக அவர் வந்தார். கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போனை இன்னும் கிட்டத்தில் பிடித்தேன். திரையில் சாரல் விழுந்து அவர் முகம் துளித்துளியாகக் கலைந்தது. துடைத்துவிட்டு, என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். தலையைச் சாய்த்து, எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது போல் அவர் சொன்னார்: "ஏட்டி, மூஞ்சியக் கொஞ்சம் தள்ளு, தண்ணி தெரியல."

ஊசி குத்திய பிறகு செய்யக் கூடாதவை அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஆறிய முகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாராவது கேட்டால் மட்டும் டாக்டரிடம் அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.