அக்கா கேட்ட சேலை

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை போகவேண்டும். அதைப் போர்த்தாமல் தூக்கமாட்டார்கள். சேதி வந்த பிறகுதான் கடைக்கு ஓடுவார்கள். முன்கூட்டி வாங்கி வைக்க யாருக்கும் மனம் வராது. என் அக்காவுக்கு அந்த முறையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. புற்றுநோய்க்கு இனி வைத்தியம் இல்லை என்று மதுரையில் சொல்லி அனுப்பிய வாரமே, தேவகோட்டையிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

"கடைச் சேலையைக் கொண்டாந்து போத்திராதடா. நம்ம தறியில நீயே நெய்யி. நான் பாத்துட்டுப் போறேன்."

காரைக்குடியில் எங்கள் வீட்டுத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தே வளர்ந்தவள் அவள். கண்டாங்கிச் சேலையில் கரை ஓர் இழை விலகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். அவளிடம் நான் எதையும் முடியாது என்று சொன்னதில்லை. அன்றும் சரி என்றேன். போனை வைத்த பிறகு கோபம் கோபமாக வந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கு எவனாவது கோடி நெய்வானா?

எப்போதும் நூல் சுற்றித் தரும் என் மனைவி, இதற்கு மாட்டேன் என்றுவிட்டாள். விற்கிற சேலைகளோடு இதைச் சேர்த்து நெய்யவேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அதனால் அவற்றை முடித்துவிட்டு, தறியில் நீளவாக்கில் ஏற்றியிருந்த பாவு நூலில் கடைசிச் சேலையாக அக்காவுடையதைத் தொடங்கினேன். நூலை நானே சுற்றிக்கொண்டேன். தறியில் உட்கார்ந்ததும், சேலை நல்லபடியாக முடியவேண்டும் என்று கும்பிடுவது வழக்கம். அன்று கையைக் குவித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். இது முடியவேண்டும் என்று எப்படி வேண்டிக்கொள்வது?

வேகமாக நெய்தால் அவளை அனுப்ப அவசரப்படுகிற மாதிரி இருந்தது. நிறுத்தினால், அவள் கேட்ட ஒன்றைக்கூடச் செய்யாதவனாகிவிடுவேன். கொஞ்சம் நெய்வேன், எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவேன். அவளா விடுவாள்? எவ்வளவு ஆயிற்று என்று சாயங்காலம் தவறாமல் கேட்பாள். முந்தானைக்கு வந்த பிறகும் பாதிதான் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சேலை தறியில் இருக்கும்வரை அவளும் இருப்பாள் என்று ஒரு கிறுக்குத்தனம். வலியில் அவள் குரல் கம்மத் தொடங்கியதும், அந்தப் பொய்யைச் சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. முந்தானையை நெய்து முடித்து, சேலையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்தேன்.

பையை மடியில் வைத்துக்கொண்டு தேவகோட்டை பஸ்ஸில் போனேன். மச்சான் கதவைத் திறந்தார். பையைப் பார்த்தவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கட்டிலில் சாய்ந்திருந்த அக்கா, சேலையை விரிக்கச் சொன்னாள். அரக்குச் சேலை, மஞ்சள் கரை. விரலால் கரையைத் தடவிக்கொண்டே வந்தவள், முந்தானையில் நிறுத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"கரை இழுத்துருக்குடா. இது வேணாம். வேற நெய்யி."

கரையில் ஒரு குறையும் இல்லை. எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

"ஆமாக்கா, இழுத்துத்தான் இருக்கு" என்றேன்.

"அவசரப்படாம நெய்யி" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மறுநாளே புதுப் பாவுக்கு ஏற்பாடு செய்தேன். இந்த முறை நான் கேட்காமலே என் மனைவி நூல் சுற்ற உட்கார்ந்தாள். ஆனால் பாவைத் தெருவில் விரித்துக் கஞ்சி போட்டுக் காயவைத்தால்தான் தறியில் ஏற்ற முடியும். அந்த வாரம் பூராவும் மழை விட்டபாடில்லை. வாசலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோதுதான் மச்சானிடமிருந்து போன் வந்தது.

அக்கா திருப்பி அனுப்பிய அதே சேலையைத்தான் கொண்டுபோய்ப் போர்த்தினேன். கரை எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது என்று கூட்டத்தில் ஓர் அம்மாள் சொன்னார். இல்லை, இழுத்திருக்கிறது, வேறு நெய்யவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் தூக்கிவிட்டார்கள்.