தூக்குவாளியோடு வந்த விருந்து

ஆனையூரில் தையல் தைக்கும் முத்துமீனாவுக்குத் தீபாவளி என்றால் இரட்டை வேலை. ஊரெல்லாம் பண்டிகைக்கு ஜாக்கெட் கேட்டு நிற்கும் நேரத்தில்தான் அவள் வீட்டுக்கு விருந்தும் வரும். கணவன் சிவபாண்டி அரசு பஸ் டிரைவர். பண்டிகை நாளில் அவனுக்கு லீவு கிடைத்ததே இல்லை. மாமனார் மாமியார் போனபிறகு அவனுடைய இரண்டு சகோதரிகளுக்கும் இந்த வீடுதான் பிறந்த வீடு. அலங்காநல்லூரிலிருந்து மூத்தவள் ரெங்கம்மாளும், சோழவந்தானிலிருந்து இளையவளும் குடும்பத்தோடு வந்துவிடுவார்கள். முறுக்கு, அதிரசம், கறிக்குழம்பு, கோலா உருண்டை என்று எல்லாம் முத்துமீனாவின் கையால்தான் நடக்க வேண்டும்.

போன தீபாவளிக்கு, கண்முழித்துத் தைத்த அசதியில் எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டாள். சாய்ந்த வேகத்தில் சட்டி புரண்டது. முழங்கைக்குக் கீழே தோல் உரிந்து போயிற்று. முன்னறையில் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு, சேலையை இழுத்து மூடி, பந்தி முடியும்வரை அவளே பரிமாறினாள். யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம், 2003இல், ரெங்கம்மாளின் மகளுக்குத் தலை தீபாவளி. புது மாப்பிள்ளை வெள்ளைத்துரையையும் அவன் அம்மா சுந்தரம்மாளையும் கூட்டிக்கொண்டு, மத்தியானம் தாய்மாமன் வீட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. முத்துமீனா எதிர்வீட்டுக்குப் போய் போன் போட்டாள்.

"மதினி, வாங்க. எல்லாரும் வாங்க. சோறு, ரசம், தயிரு நான் பாத்துக்கிறேன். கறிக்குழம்ப மட்டும் நீங்க அங்கனயே வச்சுக் கொண்டு வந்துருங்க. சின்னவுகள்ட்டப் பலகாரத்துக்குச் சொல்லிட்டேன்."

மறுமுனையில் ரெங்கம்மாளின் குரல் வந்தது. "விருந்துக்கும் கூப்புட்டுட்டு, குழம்பையும் கொண்டு வரச் சொல்றியா?"

"என்னால இம்புட்டும் முடியல மதினி."

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

அன்று சிவபாண்டி சாப்பிடாமல் எழுந்துவிட்டான். "எங்கக்கா இந்த வீட்டுப் பொண்ணு. அவ சட்டியத் தூக்கிக்கிட்டு வரணுமா? சம்பந்தியம்மா என்ன நெனப்பாக?"

"நீங்க லீவு போட்டு எனக்குக் கூட நில்லுங்க. நானே வைக்கிறேன்."

தீபாவளியன்று விடியுமுன் குளித்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பும்போது, "அவுக வராமப் போனா நான் அக்கா மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு யோசிச்சுக்கோ" என்று மட்டும் சொன்னான்.

ரெங்கம்மாளிடமிருந்து அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வருவாளா, வந்தாலும் குழம்போடு வருவாளா என்பது தெரியவில்லை. புது மாப்பிள்ளைக்கு ரசஞ்சோறு போட்ட வீடு என்ற பேர் எத்தனை வருஷம் நிற்கும் என்று முத்துமீனாவுக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனாள். வரிசை தெருமுனையைத் தாண்டி நின்றது. அவளும் நின்றாள். வரிசை நகர நகர, இனி வீட்டுக்குப் போய் மசாலா அரைப்பது, வேகவைப்பது, தனியாகப் பரிமாறுவது எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இப்போது வாங்கிவிட்டால் எந்தக் காலத்திலும் இதிலிருந்து மீள முடியாது என்று தோன்றியது. அவள் முறை வருவதற்குச் சற்று முன்னால் வரிசையை விட்டு விலகி நடந்தாள். வெறும் பையோடு வீட்டுக்கு வந்தாள்.

சோறு வடித்தாள். முன்னறையில் பாய் விரித்து, நடுவில் சோற்றுக் குண்டானையும் ரசத்தையும் வைத்து, பக்கத்தில் தட்டுகளை அடுக்கினாள். சின்ன நாத்தனார் குடும்பம் பலகாரத்தோடு வந்தது. "எங்க, அக்காவக் காணோம்?" என்று சின்னவள் கேட்டாள். மத்தியானம் தாண்டியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கத் தொடங்கினார்கள். வெறும் சோற்றைப் பார்த்துச் சின்னவளின் புருஷன் தொண்டையைச் செருமினான்.

வாசலில் ஆட்டோ நின்றது. முதலில் இறங்கியது ரெங்கம்மாள். இரண்டு கையும் வெறுங்கை. முத்துமீனாவின் முகத்தைப் பார்க்காமலே உள்ளே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். பின்னால் மகளும் சுந்தரம்மாளும் வந்தார்கள். கடைசியாக, பைக்கை நிறுத்திவிட்டு வெள்ளைத்துரை வந்தான். அவன் கையில் பெரிய தூக்குவாளி இருந்தது.

"ஆட்டோவுல குழம்பு சிந்திரும்னு மருமகன் பைக்குல மாட்டிக்கிட்டு வந்தாக," என்றாள் ரெங்கம்மாள் இறுகிய குரலில். "தலை தீபாவளி மாப்ளைய சட்டி தூக்க வச்சாச்சு. சந்தோசமா?"

"இருக்கட்டும் அத்தை," என்று வெள்ளைத்துரை வாளியைப் பாயில் வைத்தான். முத்துமீனா ஒரு தட்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "வேணுங்கிறதப் போட்டுக்கங்க தம்பி. எல்லாரும் ஒண்ணா உக்காருவோம்."

ரெங்கம்மாள் எழுந்துவிட்டாள். "மாப்ளைக்கு நீ பரிமாற மாட்டியா?" அவளே அந்தத் தட்டைப் பிடுங்கப் போனாள். இழுபறியில் முத்துமீனாவின் சேலைத் தலைப்பு கையிலிருந்து விலகியது. ரெங்கம்மாளின் கண் அங்கேயே நின்றது.

"என்னடி இது கையி?"

"போன தீபாவளி. எண்ணெய்ச் சட்டி."

"போன தீபாவளின்னா... நாங்க இங்கனதான இருந்தோம்?"

"முன் ரூமுல இருந்தீக."

"ஏன் சொல்லல?"

"எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டீக மதினி. எப்பச் சொல்ல?"

சுந்தரம்மாள்தான் முதலில் அசைந்தாள். தட்டெடுத்து, சோறும் குழம்பும் போட்டுக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எங்க வீட்டுலயும் மூத்த மருமக ஒருத்தி இருக்கா. பண்டிகை அன்னைக்கு அவ உக்காந்து தின்னு நான் பாத்ததில்ல," என்று யாரையும் பார்க்காமல் சொன்னாள். வெள்ளைத்துரை அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிள்ளைகள் வாளியைச் சுற்றி மொய்த்தார்கள்.

ரெங்கம்மாள் வெகுநேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு ஒரு தட்டில் சோறு போட்டு, நல்ல எலும்பாகப் பார்த்துக் குழம்பை ஊற்றி, முத்துமீனாவின் முன்னால் டக்கென்று வைத்தாள். தனக்கும் ஒன்று போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிந்ததும் அவரவர் தட்டை அவரவர் கழுவினார்கள். மாப்பிள்ளை எழுந்தபோது மட்டும் ரெங்கம்மாள் அவன் தட்டைப் பிடுங்கித் தானே கழுவினாள். அதை அவளால் விட முடியவில்லை.

பொழுது சாயும்போது சிவபாண்டி வந்தான். என்ன ரகளையோ என்று வாசலிலேயே செருப்பை மெல்லக் கழற்றினான். சம்பந்தியம்மாவும் சின்னவளும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், விரித்த பாயில், வாயைத் திறந்தபடி முத்துமீனா தூங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, இந்நேரத்துல..." என்று அவன் குனிந்தான்.

"அவள எழுப்பாத," என்றாள் ரெங்கம்மாள். "குழம்பு வாளியில கெடக்கு. போட்டுத் தின்னு."