சாம்பிள் மனு

தொண்ணூறுகளில் அருள்புரம் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். இளம் தொழிலாளர்களுக்காக அரசு கொள்கை வகுக்கிறது, அவர்களிடமே கருத்துக் கேட்க அதிகாரி வருகிறார் என்றார்கள். எங்கள் கம்பெனிப் பெண்கள் எதையாவது உளறிவிடுவார்களோ என்று பயந்து, 'குறை ஏதுமில்லை' என நானே ஒரு மனு எழுதி, அதைப் பார்த்து எழுதச் சொன்னேன்.

மனுக்களைப் படித்துப் பார்த்த அதிகாரி நிமிர்ந்தார். "எல்லாருக்கும் வயசு நாப்பத்திரண்டா?"

அது என் வயது. பழக்கத்தில் எழுதியிருந்தேன்.

தைத்த பனியனைச் சாம்பிளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் செக்கிங் செல்வி சிரிக்காமல் சொன்னாள், "சாம்பிள்ல இருக்கறது அப்படியே வரோணும்னு அண்ணந்தானுங்க சொல்லிக்குடுத்தாரு."

அதிகாரி வெள்ளைத்தாள் கொடுத்தார். யாரும் எழுதவில்லை, என்னையே பார்த்தார்கள். எழுந்து வெளியே போனேன்.

ஜன்னல் வழியே பார்த்தபோது, செல்வி தாளைத் திருப்பி மறுபக்கமும் எழுதிக்கொண்டிருந்தாள். மூன்று வருடமாக என் கண்முன்னே வேலை செய்தவள். அவளுக்குச் சொல்ல இவ்வளவு இருந்தது எனக்குத் தெரியாது.