பத்தாவது மாடியின் கற்பூரவல்லி டாக்டர்

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பத்தாவது மாடிக்காரர்களுக்கு நிம்மதியாக இருமக்கூட உரிமை கிடையாது. யாராவது லேசாகச் செருமினால் போதும், மறுநாள் காலை அவர்கள் வீட்டுக் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். உள்ளே ஒரு கைப்பிடி கற்பூரவல்லி இலை, கூடவே அதே மாடியில் குடியிருக்கும் ஆம்ப்ரோஸ் கைப்பட எழுதிய சீட்டு: 'வாட்டிச் சாறு பிழிந்து தேனில் குடிக்கவும். மாத்திரை வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் கூடவே கூடாது.'

ஆம்ப்ரோஸ் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். எந்தப் பிரிவில் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். வேலை பார்த்தது கார் பார்க்கில். ஓய்வு பெற்றதும் வாசலில் மூன்று தொட்டியில் கற்பூரவல்லி வளர்த்து வைத்தியத்தில் இறங்கிவிட்டார். சளிக்குச் சாறு, மந்தத்துக்கு ரசம், தலைவலிக்குப் பற்று. மாடியே அவரை "டாக்டர்" என்று கூப்பிட்டது. அந்த ஒரு வார்த்தையில்தான் மனுஷருக்கு உயிர் ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் டாக்டருக்கே இருமல் வந்தது. பத்து நாள் சாறு குடித்தார். இருமல் அசைந்து கொடுக்கவில்லை.

"கிளினிக்குக்குப் போங்களேன்" என்றாள் மனைவி உர்சுலா.

"யாராச்சும் பாத்தா என் பேரு என்னாவுறது?"

கடைசியில் மாஸ்க், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு, கொள்ளையடிக்கப் போகிறவர் மாதிரி பதுங்கிப் பதுங்கித் தூரத்து ஆங் மோ கியோவுக்குப் போனார். அங்கே கிளினிக்கில் பக்கத்து வீட்டு ஜரீனாவும் அவள் கணவன் ஹனீபாவும் இருமிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இவர் கண்ணில் படக்கூடாதென்றுதான் அவர்களும் அவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

"அப்ப நான் குடுத்த இலையெல்லாம்?" மாஸ்க்கை இறக்கிவிட்டுக் கேட்டார் ஆம்ப்ரோஸ்.

ஹனீபா சொன்னான்: "பஜ்ஜி போட்டுட்டோம் லா, டாக்டர். சனிக்கிழமை சாயந்தரம் மாடியே எங்க வீட்லதான். எல்லாரும் அவங்கவங்க பையைக் கொண்டாந்துடுவாங்க."

"அத்தனை பேரும் இருமினாங்களே!"

"இருமினாத்தானே நீங்க இலை தர்றீங்க? எங்க ரெண்டு பேருக்கும் இந்த வாரம்தான் நிஜமாவே வந்திருக்கு."

ஆம்ப்ரோஸுக்கு அவமானம் தாங்கவில்லை. அதைவிட, தன்னை மட்டும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லையே என்பதுதான் அதிகம் வலித்தது. எப்படிக் கூப்பிடுவார்கள்? எண்ணெய்ப் பலகாரம் கூடாதென்று கைப்பட எழுதிக் கொடுத்தவர் அவர்தானே.

கிளினிக் மருந்தில் மூன்றே நாளில் இருமல் போய்விட்டது. சனிக்கிழமை சாயந்தரம் ஜரீனா வீட்டிலிருந்து எண்ணெய் வாசம் வந்தது. ஆம்ப்ரோஸ் மூன்று தொட்டியிலும் இலை பறித்துப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டு எதுவும் எழுதாமல், அவர்கள் கேட் முன்னால் போய் நின்றார்.

கூப்பிட வாய் வரவில்லை. லேசாக இருமினார்.