அம்மனை அசைக்காத எட்வின் சார்

செவ்வாய்க்கிழமை காலை, குக்கரில் இரண்டாவது விசில் வந்தபோது எங்கள் ஊரப்பாக்கம் குடியிருப்பின் வாட்ச்மேன் கதவைத் தட்டினார். "யக்கா, பி பிளாக் எட்வின் சாரு போய்ட்டாராம். தூக்கத்துலயே" என்றார். அடுப்பை அணைத்தேன். பிறகு டிவிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருக்கும் கம்ப்யூட்டரையும் அணைத்தேன். அது இன்றுவரை ஓடுவது அவர் கைபட்டதால்தான்.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எட்வின் சார் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போவார். சட்டைப் பையில் பேனாவுடன் ஒரு சின்ன பெயின்ட் பிரஷும் இருக்கும். நான் ஒரு நாளில் பேசுவதை அவர் ஒரு மாதத்தில் பேசினால் அதிகம்.

எங்களுக்குள் முதலில் வந்தது சண்டைதான். மார்கழியில் விடியற்காலை ஐந்து மணிக்கு நான் ஸ்பீக்கரில் பக்திப் பாட்டுப் போடுவேன். சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து, "சிஸ்டர், சாமிக்குக் காது நல்லாவே கேக்கும். சத்தத்தக் கொஞ்சம் கொறைங்க" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒரு வருஷம் அவரோடு நான் பேசவில்லை. அவர் லிஃப்டில் இருந்தால் நான் படி ஏறுவேன். அடுத்த மார்கழியில் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சத்தம் கூட்டினேன்.

அந்தத் தை மாதம்தான் படப்பைப் பக்கம் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். ஆறு வருஷமாக என் வீட்டுக்காரர் லீவு நாளெல்லாம் அங்கே கொத்தனார்களோடு வெயிலில் நின்று அந்தக் கோபுரத்தை எழுப்பினார். இரண்டு மாதம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வண்டியில் ஏற்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர்க்காரர்கள் நேரலையில் காட்டுகிறோம் என்றார்கள். புனேயில் இருக்கும் என் பையன், பெரிய திரையில் படம் பார்க்கலாம் என்று டிவியோடு ஒரு சின்ன கம்ப்யூட்டரை எப்போதோ இணைத்துக் கொடுத்திருந்தான். அவருடைய கட்டிலை டிவிக்கு எதிரே போட்டேன்.

ஆனால் மூன்று மாதமாக அந்தக் கம்ப்யூட்டர் சரியில்லை. பத்து நிமிஷம் ஓடும், பிறகு படம் நின்றுவிடும், குரல் மட்டும் முன்னால் போகும். கேட்டால், "நெட் ஸ்லோம்மா" என்பான் பையன். கும்பாபிஷேகத்தன்றும் அதே கதை. யாகசாலைப் புகை தெரிந்தது. குருக்கள் தூக்கிய கை தூக்கியபடியே நின்றது. அணைத்துப் போட்டால் ஐந்து நிமிஷம். மறுபடி போட்டால் மூன்று நிமிஷம். பையன் மீட்டிங்கில் இருந்தான், போனை எடுக்கவில்லை. என் போனை அவர் முகத்தருகே பிடித்தேன். சின்னத் திரையில் அவருக்குக் கண் நிற்கவில்லை. இடது கையால் கட்டில் கம்பியை அடிக்க ஆரம்பித்தார். பத்தே முக்காலுக்குக் கலசத்தில் நீர் ஊற்றப் போகிறார்கள். மணி பத்து. முந்தானையைச் செருகிக்கொண்டு பி பிளாக்குக்கு ஓடினேன்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்தார். சொன்னதைக் கேட்டார். பழைய சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஸ்க்ரூ டிரைவரையும் ஒரு ஒயரையும் எடுத்துக்கொண்டு வந்தார். வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, "கடைசியா எப்ப நல்லா ஓடிச்சு?" என்றார்.

"சார், தண்ணி ஊத்தப் போறாங்க! இப்ப போயி இன்னா விசாரணை வச்சிகினு கீறீங்க?"

"சிக்னல் நின்னாலும் மொதல்ல இதத்தான் கேப்பேன். ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும் சிஸ்டர். ரெண்ட மாத்துனா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது."

என் போனில் நேரலை நிற்காமல் ஓடியது. "நெட் நல்லாருக்கு" என்றார். கம்ப்யூட்டரிலேயே இருந்த பையனின் கல்யாண வீடியோவைப் போட்டார். தாலி எடுப்பதற்குள் அதுவும் நின்றது. "அப்ப கோயில்காரங்க மேலயும் தப்பில்ல." டிவிக்குப் போகும் ஒயரை மாற்றினார். மாற்றமில்லை. மணி பத்து இருபது. கம்பியில் அடிக்கும் சத்தம் நிற்கவேயில்லை.

பிறகு கம்ப்யூட்டர் மேல் புறங்கையை வைத்தார். சட்டென்று எடுத்தார். "இத எப்ப இங்க வச்சீங்க?"

"ஆயுத பூஜைக்கு..." என்றேன். 

வீட்டிலிருக்கும் எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைத்தபோது அதற்கும் வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து முன்பக்கம் பட்டையாகப் பூசி, மாலை போட்டு, டிவியை ஒட்டிய பூஜை மாடத்தில் அம்மன் படத்துக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அங்கேயே இருக்கட்டும், விசேஷம் என்று விட்டுவிட்டேன். நான் சந்தனம் பூசியது அது மூச்சு விடும் துவாரங்கள் மேல். பக்கத்திலேயே தினமும் விளக்கு, வெள்ளிதோறும் சாம்பிராணி. அவர் மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த குட்டி ஃபேனில் கரி, கம்பளி போல் படிந்திருந்தது.

"நாந்தான் கெடுத்துட்டனா சார்?"

"கெடல. சூடு தாங்காம மெதுவா ஓடுது. அவ்வளவுதான்."

நான் பதறிப்போய் அம்மன் படத்தைத் தூக்கப் போனேன். அவர் தடுத்தார். "அம்மன் அங்கயே இருக்கட்டும் சிஸ்டர். கம்ப்யூட்டர நாம நகத்திக்கலாம்."

ஸ்டூலில் வைத்து, பிரஷால் கரியைத் தட்டினார். காய்ந்த சந்தனத்தை என் சேஃப்டி பின்னைக் கொண்டு ஒவ்வொரு துவாரமாகக் குத்தி எடுத்தார். மூடியை மாட்ட நேரமில்லை. எங்கள் டேபிள் ஃபேன் கழுத்து உடைந்தது, நிமிர்ந்து நிற்காது. அதை என் கையில் கொடுத்து, "இப்டியே காத்து படணும், அசையாதீங்க" என்றார். அவர் பட்டனை அழுத்தியபோது குருக்கள் குடத்தோடு சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்.

நீர் விழுந்தது. என் வீட்டுக்காரரின் இடது கை மட்டும் மேலே எழும்பி, சேர்ந்து கும்பிட இன்னொரு கை இல்லாமல் காற்றில் தடுமாறியது. ஃபேனை விட்டுவிட்டு என்னால் போக முடியவில்லை. எட்வின் சார் கட்டிலுக்குப் போனார். விழுந்து கிடந்த வலது கையைத் தூக்கி, இடது கையோடு சேர்த்து, இரண்டையும் தன் கைகளுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டார். தீபாராதனை முடியும்வரை அப்படியே நின்றார். படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

அதன்பின் பாட்டுச் சத்தத்தைப் பாதியாக்கினேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை பிரஷோடு வருவார். "இந்த மாசம் யாருக்கு அபிஷேகம் பண்ணீங்க சிஸ்டர்?" என்பார். என் வீட்டுக்காரர் வாய் கோணச் சிரிப்பார்.

புதன்கிழமை அடக்கம். அவருடைய ஒரே மகள் ஷீபா கனடாவில் இருக்கிறாள். எட்டு மாதக் கர்ப்பிணி, விமானத்தில் ஏற விடவில்லை. ஃப்ரீசர் பெட்டி அருகே ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து, அவள் அப்பா முகத்தைப் பார்க்கும்படி செய்திருந்தார்கள். ஜெபம் தொடங்கும் நேரத்தில் அவள் முகம் உறைந்துவிட்டது. அழுகை மட்டும் துண்டு துண்டாக வந்தது. "அவ பாக்கணும், மூடறதுக்கு முன்ன அவ பாக்கணும்" என்று அவர் மனைவி கிரேஸ் அக்கா துடித்தார். சிக்னல் இல்லை, லேப்டாப்போடு பெட்டியையும் ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள் என்றார் ஒருவர். நாலு பேர் பிடித்தும்விட்டார்கள்.

"கடைசியா எப்ப நல்லா ஓடிச்சு?" என்று கத்தினேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கால் மணி முன்ன வரைக்கும் ஓடிச்சுக்கா" என்றாள் லேப்டாப் அருகே நின்ற பெண்.

"அப்புறம் இன்னா மாத்துனீங்க?"

"வெயில் வருதுன்னு ஸ்டூல இந்தப் பக்கம் போட்டோம்."

லேப்டாப்பில் புறங்கையை வைத்தேன். கொதித்தது. ஃப்ரீசர் பெட்டியின் மோட்டார் விடும் அனல் நேராக அதன்மேல்தான் அடித்தது.

"சார அசைக்காதீங்க" என்றேன். "கம்ப்யூட்டர நகத்துங்க."

தலைமாட்டுக்குக் கொண்டுபோய் வைத்தோம். ஜெபப் புத்தகத்தால் விசிறினேன். பாஸ்டர் காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் ஷீபாவின் இமை அசைந்தது. "அப்பா" என்றாள். குரலும் உதடும் ஒன்றாக வந்தன.

போய் வாருங்கள், எட்வின் சார். வரும் சனிக்கிழமை நானே பிரஷ் எடுத்துத் துடைத்துக்கொள்கிறேன்.