ஐஸில் இறுகிய பிடி

தியாகராய நகரில் பாத்திரக்கடை வைத்திருந்த சுயம்புலிங்கத்தின் மகள் சரோஜாதேவிக்கு ஒரு கிருமியின் மேல் பைத்தியம் பிடித்திருந்தது. எழுபதுகளின் கடைசி. அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்து, குழந்தைகளைப் பேதியில் வாட்டும் பாக்டீரியாவைப் படித்துக்கொண்டிருந்தாள். அதன் உடம்பெல்லாம் மெல்லிய புரத முடிகள். வயிறு என்னதான் கலக்கினாலும் அந்த முடிகளால் குடல் சுவரைப் பற்றிக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிடும். ரத்தத்துளியில் விட்டாலோ, சிவப்பணுக்களைப் பற்றி இழுத்துக் கட்டி கட்டியாகத் திரளவைக்கும். குளிரறையில் கண்ணாடித் தகட்டின் மேல் அதை முதலில் பார்த்த அன்று, தன்னந்தனியாக நின்று கைதட்டினாள்.

ஆனால் பேராசிரியர் கணேசமூர்த்தி எதையும் எழுந்துபோய்ப் பார்க்கமாட்டார். எல்லாம் அவர் மேஜைக்கு வரவேண்டும், அதுதான் அங்கே வழக்கம். தகட்டை ஏந்திக்கொண்டு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது வெறும் சிவப்புத் தண்ணீர்! ஓடியதில் குலுங்கிக் கலைந்துவிட்டது போலும் என்று நினைத்து, மறுநாள் தகட்டை ஏந்தி, பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபித் தட்டு கொண்டுபோகிறவளைப் போல நடந்தாள். திரளின் சுவடுகூட இல்லை.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள காட்டும்மா. இல்லேன்னா ஆராய்ச்சியை விட்டுட்டு மேஜையைக் காலி பண்ணு" என்றார் அவர்.

அழுகையை அடக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மே மாத வெயில். வாசலில் மீன்காரி கெங்கம்மா வாளியில் கிடந்த வஞ்சிரத்தின் மேல் ஐஸை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இந்த வெயில்ல ஐஸ் இல்லாங்காட்டி எல்லாம் கொழகொழன்னு பூடும் பொண்ணு."

சரோஜாவுக்குப் பொறி தட்டியது. குலுக்கலாவது, நடையாவது! குளிரறையில் இறுகிய பிடி பேராசிரியர் அறைச் சூட்டில் தளர்ந்திருக்கிறது.

"அக்கா, ஐஸ் குடுங்க!"

"உனக்குக் குட்த்துட்டா எம்மீனுக்கு இன்னா பண்றது? மீனையும் சேத்து எட்த்துக்கினு போ!"

மீன்வால் நீட்டிக்கொண்டிருக்க, வாளியைப் பேராசிரியர் மேஜையில் தொப்பென்று வைத்தாள். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஐஸின் மேல் தகடு, ரத்தம் ஒரு சொட்டு, கிருமி ஒரு சொட்டு. லேசாக அசைத்தாள். அவர் கண்ணெதிரே ரத்தம் ரவை ரவையாகத் திரண்டது.

அவர் மூக்கிலிருந்து கையை எடுத்தார். தகட்டை ஜன்னல் வெயிலுக்குக் கொண்டுபோனார், திரள் கரைந்தது. ஐஸில் வைத்தார், திரண்டது. "அட!" மறுபடியும் ஜன்னல், மறுபடியும் ஐஸ். தாழ்வாரத்தில் போனவர்களையெல்லாம் கூவிக் கூப்பிட்டார். தன் தகட்டையே சரோஜா எக்கி எக்கித்தான் பார்க்கவேண்டியிருந்தது. சந்தோஷம் தாங்கவில்லை.

"சார், சாயங்காலம் ஆயிடுச்சு. என் மேஜை..."

"மேஜையா? யாரும்மா அதைக் காலி பண்ணச் சொன்னது? ஐஸ் கரையுது, சீக்கிரம் போய் இன்னொரு வாளி வாங்கிட்டு வா!"