தேருக்கு முதல் ஒரு குளிசை

இரண்டு பாஷை தெரிந்தால் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடலாம் என்று நம்புகிறவர்கள், ஒரு நாள் பெண்கள் மருத்துவரின் அறையில் புருஷனுக்கும் மனைவிக்கும் நடுவே கதிரை போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். யூரோ வந்த புதிதில், ஜெர்மனியின் ஹம் நகரில் குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசனைக்கு வந்த எங்கள் சனத்துக்கு நான் அந்த வேலை பார்த்தேன். டொக்டர், கந்தோர் என்று சொந்தக்காரர் நேரம் குறித்து வைத்த டெர்மினுக்கெல்லாம் துணை போய் அலுத்தவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

பதில் சொல்ல ஆள் இருந்தது

அப்படி வந்த மலருக்கு இரண்டு பெண்பிள்ளைகள். முதியோர் பராமரிப்பில் அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, செய்ய இடம் கிடைத்திருந்தது. புரட்டாசியில் தொடங்க வேண்டும். அதற்குள் வயிற்றில் ஒன்று வந்தால் எல்லாம் தள்ளிப்போகும். அவளுக்கு அதுதான் பயம். கணவர் சிவாவுக்கோ ஓர் ஆண்பிள்ளை ஆசை.

"இன்னொரு பிள்ளை வேண்டுமா?" என்று டொக்டர் மலரைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் சிவா ஜெர்மனில் "ஓம், விருப்பம்" என்றார். டொக்டர் திரும்பவும் மலரைக் கேட்டார். திரும்பவும் சிவா. அவரை வெளியே இருக்கச் சொன்னபோது மனிதருக்கு உண்மையாகவே கவலை வந்துவிட்டது.

"நான் வெளியிலை நிண்டால் அவ என்ன நினைக்கிறா எண்டு ஆரக்கா உங்களுக்குச் சொல்லுறது?"

கேக் வாங்கித் தந்த டொக்டர்

ஆனியில், நகரின் ஓரத்தில் கோயில் கொண்ட ஊன்ட்றொப் அம்மனுக்குத் தேர். அதற்கு முந்திய கிழமைகளில் எங்கள் பெண்கள் டொக்டரின் அறையை மொய்த்துவிட்டார்கள். எல்லாருக்கும் கர்ப்பத்தடைக் குளிசை வேண்டும், மலருக்கும்தான். ஆலோசனை பலித்துவிட்டதென்று டொக்டருக்குத் தலைகால் புரியவில்லை; எனக்கு ஆப்பிள் கேக் வாங்கித் தந்தார்.

கேக்கை முழுதாகச் சாப்பிட்ட பிறகுதான் உண்மையைச் சொன்னேன். தேரன்று மாதத் துடக்கு வந்தால் கோயிலுக்குப் போக முடியாது. அதைத் தள்ளிப்போடத்தான் குளிசை. தேர் முடிந்தால் குளிசையும் முடிந்தது. டொக்டர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அப்படியென்றால் இவ்வளவு நாளும் நான் அம்மனுக்கா வேலை பார்த்தேன்?"

நாள் தள்ளிப்போனது

"தொடர்ந்து எடுத்தால் உடம்புக்குச் சூடு" என்று மற்றப் பெண்கள் சொல்ல, மலரும் தேரோடு குளிசையை நிறுத்தியிருந்தாள். ஆவணியில் முகம் வெளிறிப்போய் வந்தாள். நாள் தள்ளிப்போயிருந்தது. சோதனை முடிவு வரும்வரை என் கையை விடவேயில்லை. கடைசியில், ஒன்றுமில்லை. அவள் அழுதுகொண்டே சிரித்தாள், நானும்தான்.

தேருக்காகக் குளிசை கேட்டு வருகிறவர்களுக்கு, தேருக்குப் பிறகு என்ன செய்வது என்பதையும் இனிமேல் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று டொக்டர் அங்கேயே முடிவெடுத்தார். மலர் மூக்கைத் துடைத்தாள்.

"முதலே சொல்லியிருந்தால், நான் அம்மாளாச்சியை இவ்வளவு மன்றாடிக் கரைச்சல்படுத்தியிருக்க மாட்டன் அக்கா."

தனியாக வந்தவர்

கார்த்திகையில் டெர்மின் இல்லாமல் சிவா வந்து நின்றார், தனியாக. மலர் இருட்டோடு பயிற்சிக்குப் போய்விடுவதால், பிள்ளைகளை எழுப்பி வெளிக்கிடுத்திப் பள்ளிக்கூடம் அனுப்புவது இப்போது அவர் பொறுப்பு. கதவைச் சாத்திவிட்டு, ஆண்களுக்கு நிரந்தரமாக ஏதும் செய்யலாமா என்று மெல்லக் கேட்டார். எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. ஆண்பிள்ளை ஆசை என்னவாயிற்று என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஆம்பிளைப்பிள்ளைதான் எண்டு ஆர் எழுதித் தந்தது? மூண்டாவதும் பொம்பிளைப்பிள்ளை எண்டால் அதுக்கும் நான்தானே தலை பின்னவேணும்! என்னாலை ஏலாது அக்கா."

டொக்டரும் நானும் தொண்டை வற்றப் பேசியும் ஏறாத ஆலோசனை, தினமும் காலையில் நாலு சடை பின்னியதும் அந்த மனிதருக்குத் தானாகவே ஏறிவிட்டது.